ஒன்பதாம் பெட்டியின் ராணி

பிப்ரவரி 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாக இருந்தால் சாப்பிட்டிருப்பாய்; சாப்பிட்டிருந்தால் போன ஞாயிறு போனில் உன் குரல் அப்படிக் கிணற்றுக்குள்ளிருந்து வந்திருக்காது.

இந்தப் பார்சலில் உன் லேபுக்கு நாற்பத்தெட்டுக் குப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தேனீ ராணியின் இறக்கை நுனி, நீ சொன்னபடி ஸ்பிரிட்டில். தேனீப் பெட்டியின் எண்தான் குப்பி எண். மூன்று முறை சரிபார்த்தேன். எண் எழுதியது உன் அண்ணன். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டு எழுதினார். ஊரையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சுற்றுகிற மனிதர், ஒரு தேனீ கண்ணாடியில் உட்கார்ந்ததற்கு ஹாரன் அடித்தார்.

ஈயின்மேல் ஒட்டி உறிஞ்சுகிற உண்ணியை எந்தப் பெட்டி தாங்கும் என்று பார்க்கும் ஊசிச் சோதனையும் முடித்துவிட்டேன். ஒவ்வொரு பெட்டியிலும் மூடிய புழு அறைகளில் ஐம்பதை ஊசியால் குத்திவைத்து, மறுநாள் ஈக்கள் எத்தனையைத் திறந்து சுத்தம் செய்திருக்கின்றன என்று எண்ணினேன். ஒன்பதாம் பெட்டி நாற்பத்தொன்பது! அதற்கு நான் பெரியம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். வாய் பொல்லாதது, வீடு மட்டும் கண்ணாடி மாதிரி. அன்றைக்கே கையில் நான்கு கொட்டு வாங்கினேன். நாற்பதாம் பெட்டி விருந்தாளி. பரம சாது, வந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடும். ஐம்பதில் பதினொன்றுதான் சுத்தம் செய்தது, அதுவும் பெரிய மனசு பண்ணி.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் உன் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு நடுநடுவே பேசுவார், நமக்குள் ஒரு வார்த்தை தங்காது. அதனால் கடிதம்.

உன் அன்பு அண்ணி


ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணிக்கு,

சாப்பிட்டேன். சத்தியமாகச் சாப்பிட்டேன்.

முடிவுகள் வந்துவிட்டன. முன்பெல்லாம் ஒரு ராணி நல்லவளா என்று தெரிய அவள் பிள்ளைகள் வளர்ந்து ஒரு வருஷமாவது உழைத்துக் காட்ட வேண்டும். இப்போது அந்த இறக்கை நுனி போதும். அவளுடைய மரபணுவில் பல்லாயிரம் இடங்களைப் படித்து, ஏற்கெனவே உண்ணியைத் தாங்கி நின்ற, நன்றாகத் தேன் கொடுத்த ராணிகளோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். உங்கள் குப்பிகளின் சாற்றைச் சொட்டுவிடும் தட்டை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. நம் வீட்டு வேலை என்று சொட்டுவிட்டது, இயந்திரத்தில் வைத்தது எல்லாம் என் கையாலேயே செய்தேன்.

இப்போது உங்களுக்குக் கோபம் வரும். நாற்பத்தெட்டில் முதல் இடம் உங்கள் விருந்தாளிக்கு. கடைசி இடம் பெரியம்மாவுக்கு.

அடிக்க வராதீர்கள். ஊசிச் சோதனை ஒரு நாள் கணக்கு. அன்றைய வெயில், பூ, ஈக்களின் மனநிலை எல்லாம் அதில் கலந்திருக்கும். மரபணுவில் அதெல்லாம் கிடையாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பீர்களே, இந்த இயந்திரம் தீர விசாரித்துவிட்டது.

பட்டியல் இணைத்திருக்கிறேன். கீழே உள்ள பன்னிரண்டு ராணிகளையும் எடுத்துவிடுங்கள். நாற்பதின் புழுக்களிலிருந்து புது ராணிகளை வளர்த்து அந்தப் பெட்டிகளில் விடுங்கள். மற்ற பெட்டிகளிலும் ராணி மாற்றும்போதெல்லாம் நாற்பதின் வம்சமே போகட்டும். ஒரு வருஷம் என்னை நம்புங்கள் அண்ணி. அடுத்த பூக்காலத்தில் நீங்களே சொல்வீர்கள்.

இடது கைக்காரி என்று அண்ணன் என்னை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார், அதனால் அப்படியே,
உங்கள் நொட்டாங்கை


ஏப்ரல் 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

முடிந்தது.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. அவ்வளவுதான் என்று நீ சொன்னாய். அவ்வளவுதான். ஆனால் ஒரு சின்னச் சத்தம் வருகிறது, அதை உன் லேபில் கேட்டிருக்கமாட்டாய். இரண்டு நாள் அந்தக் கையால் சோறு பிசையப் பிடிக்கவில்லை.

விருந்தாளியின் பெண்களைக் கூண்டில் வைத்துக் குடியேற்றியிருக்கிறேன். எல்லாப் பெட்டியும் ஏற்றுக்கொண்டது. மற்ற பெட்டிகளிலும் வயதான ராணிகள் நிறைய இருக்கிறார்கள். இந்த வருஷத்துக்குள் அவர்களையும் மாற்றிவிடுவேன். பெரியம்மாவைப் பற்றி மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்காதே.

உன்னை நம்பாமல் யாரை நம்புவேன்? இந்த வீட்டுக்குள் நான் வந்தபோது என்னோடு முதலில் பேசியவள் நீதானே.

உன் அன்பு அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

பத்து மாதத்தில் இருபத்தொரு பெட்டிகள் காலி. மிச்சம் இருப்பதிலும் பாதி நிற்காது. அடிப்பலகையை இழுத்தால் உண்ணி மணல் மாதிரி கொட்டுகிறது. இறக்கை சுருங்கிய ஈக்கள் பெட்டிக்கு முன்னால் தரையில் ஊர்ந்து போகின்றன. பறக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி ஊர்கின்றன. அவற்றை மிதிக்காமல் நடக்க வேண்டியிருக்கிறது.

தப்பு என்மேல்தான் இருக்கும். உன் அண்ணனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆன சமயத்தில் இரண்டு முறை பெட்டி பார்க்காமல் விட்டேன். அவர் இனி பஸ் ஓட்டப்போவதில்லை, தெரியுமே. தேனை நம்பித்தான் வீடு என்று ஆன பிறகு நான் இப்படிக் கோட்டைவிட்டிருக்கிறேன். "நொட்டாங்கை ஒழுங்காத்தான் சொல்லியிருப்பா, நீதான் எங்கயோ சொதப்பியிருக்க" என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலிக்கிறது.

உன் ஆராய்ச்சியையும் கெடுத்துவிட்டேன். மேலதிகாரி முன்னால் உனக்குத் தலைகுனிவாகியிருக்கும். என்னை மன்னித்துவிடு.

உன் அன்பு அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னிப்பு அது இது என்று பேசினால் நேரில் வந்து சண்டை போடுவேன். உண்ணி எல்லா இடத்திலும் அதிகம்தான் இந்த வருஷம். நீங்கள் ஒருவராக நாற்பத்தெட்டுப் பெட்டியையும், அதைவிடப் பெரிய குழந்தையான என் அண்ணனையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனாலும் இவ்வளவு சரிந்தது எனக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நான் சொன்னதை அப்படியே செய்தீர்கள்தானே? எடுக்கச் சொன்ன ராணிகளில் ஒன்று தப்பியிருந்தால்கூட, அதன் ஆண் ஈக்கள் போய்ப் புது ராணிகளோடு கலந்து வம்சத்தைக் கெடுத்திருக்க வாய்ப்பு உண்டு.

மிச்ச இறக்கைத் துண்டுகள் இங்கே குளிர்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. மறுபடி படித்துப் பார்க்கிறேன். இரண்டு வாரம் ஆகும்.

உங்கள் நொட்டாங்கை


பிப்ரவரி 25

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீ கேட்டுவிட்டாய். இனி மறைக்க முடியாது.

போன வருஷம் நான் கொன்றது பதினொன்று. பெரியம்மாவைக் கொல்லவில்லை. கையில் எடுத்தேன். விரலுக்கு நடுவில் வைத்தேன். அவள் கால்களை ஆட்டிக்கொண்டு என் நகத்தைப் பிடித்தாள். என்னால் முடியவில்லை. பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து, ஒன்பது என்ற எண்ணையும் சுரண்டிவிட்டேன். உன் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பக்கம் போனாலே கொட்டுமென்று பயந்து அவர் எட்டிப் பார்க்கவில்லை.

இத்தனை பெட்டி செத்தும் அது மட்டும் நிரம்பி வழிகிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. மற்றதையெல்லாம் கெடுத்துவிட்டுத் தான் மட்டும் கொழுத்து நிற்கிறதே என்று. நீ படித்துப் படித்துச் சொன்னாய், பெரியம்மா கடைசி என்று. உனக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று ஒரு திமிர். அந்தத் திமிருக்கு நம் வீட்டுச் சோற்றையே பலி கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் பொய் சொன்னதற்கு முதலில் மன்னிப்பு. மற்றதற்கு அப்புறம். இப்போது என்ன செய்யட்டும்? முடித்துவிடு என்று ஒரு வார்த்தை எழுது, அன்றே முடித்துவிடுகிறேன்.

உன் அன்பு அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வேலை தலைக்கு மேல். மேலதிகாரி இந்த வாரம் அறிக்கை கேட்டிருக்கிறார். எங்கள் கட்டிடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து இரண்டு நாளாக மூன்று மாடி ஏறி இறங்குகிறோம்.

நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்லாம் விவரமாக எழுதுகிறேன். அண்ணனின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பிடுகிறாரா, ஜன்னல் வழியாக எறிகிறாரா?

உங்கள் நொட்டாங்கை


மார்ச் 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுதியிருக்கிறாய். பெரியம்மாவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

உனக்குக் கோபம். நியாயம்தான். நீ திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டக்கூட லாயக்கில்லாதவளாகிவிட்டேன் என்று நினைக்கும்போதுதான் தாங்கவில்லை. உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு, "படிச்சவ சொன்னா கேக்கணும்ல" என்றார். அன்றிலிருந்து சாப்பாடு நன்றாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்வதில்லை.

மிச்சமிருக்கிற பெட்டிகளை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆஸ்பத்திரி லாண்டரியில் துணி மடிக்க ஆள் கேட்கிறார்கள். துணிக்கு வம்சம் கிடையாது, கெடுக்க முடியாது.

இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன். நீ ஒன்றும் எழுதாவிட்டால், சொல்ல உனக்குச் சங்கடம் என்று எடுத்துக்கொள்வேன். உன் வாயால் சொல்லவைக்க மாட்டேன், நானே முடித்துவிடுவேன்.

மறுபடியும் மன்னித்துக்கொள். இதற்குமேல் எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

உன் அன்பு அண்ணி


மார்ச் 30

அண்ணி,

பெரியம்மாவைக் கொல்லாதீர்கள். மற்றதைப் படிக்கும் முன் இதைப் படியுங்கள். கொல்லாதீர்கள்.

தப்பு உங்களுடையது இல்லை. ஒரு துளிகூட இல்லை. என்னுடையது.

சொட்டு விடும் தட்டில் நாற்பத்தெட்டுக் குழிகள். ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். இயந்திரத்துக்குள் அந்த மூலை மேலே இடது பக்கம் வர வேண்டும். எனக்கு இடது கை பழக்கம். எட்டவில்லை என்று எப்போதும் தட்டை மேசைமேலேயே அரைச்சுற்று திருப்பி வைத்துத்தான் சொட்டு விடுவேன். முடிந்ததும் நேராக்கி உள்ளே வைப்பேன். அன்று நேராக்க மறந்துவிட்டேன். ஒன்றாம் குழியை இயந்திரம் நாற்பத்தெட்டு என்று படித்தது. ஒன்பதை நாற்பது என்று படித்தது. நாற்பதை ஒன்பது என்று படித்தது.

முதல் இடம் வாங்கியது விருந்தாளி இல்லை, பெரியம்மா. நாற்பத்தெட்டில் இருக்கிறதிலேயே மோசமான ராணியை நான்தான் உங்கள் தோட்டம் முழுக்கத் தாயாக்கினேன். நல்லவர்களை உங்கள் விரலாலேயே கொல்லவைத்தேன். ஊசியும் கண்ணும் வைத்து நீங்கள் எண்ணியதுதான் சரி. நான் உங்களுக்குப் பழமொழி சொன்னேன்.

இதோடு முடிந்திருந்தால் தவறு என்று சொல்லலாம். இனி எழுதப்போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மிச்சத் துண்டுகளை மறுபடி படித்தது பிப்ரவரி 27. ஒவ்வொரு தட்டையும் உள்ளே வைக்கும்போது இயந்திரம் ஒரு படம் எடுத்துக்கொள்ளும். அதைத் தேடிப் பார்த்தேன். வெட்டிய மூலை வலது பக்கம் கீழே கிடந்தது. உங்கள் ஒப்புதல் கடிதம் என் கைக்கு வந்தது மார்ச் 1. அதாவது எல்லாம் தெரிந்த பிறகுதான் அதைப் படித்தேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டிருந்த இடத்தைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை அண்ணி. நிம்மதி. தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி. இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்று கை சொல்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

மேலதிகாரி கேட்டார், அந்தத் தோட்டம் ஏன் சரிந்தது என்று. "எடுக்கச் சொன்ன ராணி ஒன்றை வளர்ப்பவர் தக்கவைத்திருக்கிறார்" என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். உங்கள் வாக்குமூலத்தையே எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுதிய கடிதத்தில், 'பெரியம்மாவை ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று ஒரு வரி இருந்தது. ஏன் என்று கேட்பீர்களே என்று பயந்து, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன்.

உங்கள் கடைசிக் கடிதம் 26ஆம் தேதி வந்தது. உடனே போன் செய்தேன். அண்ணன் எடுத்தார். "என்ன நொட்டாங்கை, அதிசயமா போன் எல்லாம் பண்ற?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும், "சும்மாதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் நான்கு நாள் ஆகியிருக்கிறது. உங்கள் குரல் கேட்டால் மறுபடி ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவேன் என்று எனக்கே என்மேல் பயம், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று காலை மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அறிக்கை திருத்தப்படும். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை, செய்யட்டும். இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளை வந்துவிடும் என்றார்கள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. அந்த வார்த்தை முழுவதையும் உங்களையே செலவழிக்கவைத்துவிட்டேன்.

நொட்டாங்கை


ஏப்ரல் 15

நாத்தனாருக்கு,

கூரியர்க்காரர் வந்தது ஏப்ரல் ஒன்றாம் தேதி, காலை பத்து மணிக்கு. மாதக் கடைசிவரை பார்ப்பேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னபடி பார்த்தேன். முப்பத்தொன்று சாயங்காலம் பெரியம்மாவை முடித்துவிட்டேன்.

இந்த முறை அவள் நகத்தைப் பிடித்தபோதும் நான் நிறுத்தவில்லை. உனக்குச் செய்த துரோகத்துக்குப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.

உன் கடிதத்தைப் படியில் உட்கார்ந்து படித்தேன். தட்டைத் திருப்பி வைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. நான்கூடப் பலமுறை பெட்டி மூடியை மாற்றி வைத்திருக்கிறேன். கை என்றால் தவறும். ஆனால் போன் இருக்கிறது. 'கொல்லாதே' என்பது ஒரே வார்த்தை. ஏன் என்று நான் கேட்டிருக்கவே மாட்டேன், நீ சொன்னால் கேட்கிறவள்தானே நான். ஒரு மாதமாக ஒவ்வொரு வாய் சோற்றையும் குற்றவாளி மாதிரி விழுங்கினேன். நீ அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். தீர விசாரிப்பதே மெய் என்றாயே, இயந்திரம் கடைசியில் விசாரித்துச் சொல்லிவிட்டது. நீதான் சொல்லவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டியவள் என்பதால்.

ராணி இல்லை என்று தெரிந்ததும் ஒன்பதாம் பெட்டியில் ஒரே ஓலம். இரண்டு நாள் கழித்து அடங்கியது. திறந்து பார்த்தேன். பெரியம்மா கடைசியாக இட்ட முட்டைகளில் பொரித்த குஞ்சுப் புழுக்களைப் பொறுக்கி, புது ராணியை வளர்க்க ஆறு அறைகள் கட்டிக்கொண்டிருந்தன ஈக்கள். யாரும் அவற்றுக்குச் சொல்லவில்லை, பட்டியலும் கொடுக்கவில்லை. நேற்று முன்தினம் ஒருத்தி வெளியே வந்திருக்கிறாள். நீளமாக, சிவப்பாக இருக்கிறாள். வந்ததும் என் மணிக்கட்டில் ஒரு காவல் ஈ கொட்டியது. அம்மா வீட்டு ஆட்கள்தான், சந்தேகமில்லை. இனி அவள் வெளியே பறந்துபோய்க் கலந்து திரும்ப வேண்டும். வானத்தில் விருந்தாளியின் பேரன்களும் இருக்கிறார்கள், யார் கிடைப்பார்களோ. திரும்பி வந்தால் பார்க்கலாம். லாண்டரிக்குப் போகவில்லை. சுரண்டிய இடத்தில் ஒன்பது என்று மறுபடி எழுதிவிட்டேன், பெரிதாக.

அவளுடைய இறக்கையைத் தபாலில் அனுப்பமாட்டேன். வேண்டுமென்றால் நீ வர வேண்டும். கையுறை போடாமல் நின்று, உன் இடது கையாலேயே எடுத்துக்கொள். கொட்டும். கொட்டட்டும்.

உன் அண்ணனிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நேற்றுகூட, "படிச்சவ சொன்னா கேக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். அவருக்கு அதை நான் சொல்லக் கூடாது, நீ சொல்ல வேண்டும். சமையலறையில் என் முன்னால் நின்று சொல்ல வேண்டும்.

வரும்போது நான் மன்னிப்புக் கேட்டு எழுதிய மூன்று கடிதங்களையும் எடுத்து வா. பிப்ரவரியில் இரண்டு, மார்ச்சில் ஒன்று. அவை எனக்குத் திருப்பி வேண்டும்.

அண்ணி